சேர்ந்து வாழவும் படிக்கவும்

சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு தலைமுறைக்கு முன் கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்ற கேள்விக்கு வந்த பதில்கள் பெரும்பாலும் மின்சார ரயில் எட்டும் தூரத்துக்குள் அடங்கிவிட்டன. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதற்கு முன்பே வந்துவிட்ட டிஐ சைக்கிள் ஆலை, ஆவடியின் டாங்கித் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை என்று வேலையும் வீடும் ஒரே வட்டாரத்தில் இருந்தன. இன்று அதே தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே மென்பொருள் அலுவலகங்கள் எழுந்து நிற்கின்றன. சூரப்பட்டு, ஆவடி, பூந்தமல்லி, தண்டலம் என்று பொறியியல் கல்லூரிகள் இந்தப் பகுதியைச் சுற்றி வளைத்திருக்கின்றன. இங்கே படித்து இங்கேயே வேலை பார்க்கும் பெண்ணுக்கு, டல்லாஸிலோ சியாட்டிலிலோ எச்-1பி விசாவில் இருக்கும் வரன் அமைவது இப்போது வியப்பான செய்தி இல்லை. தேதி குறித்த கையோடு இரண்டு வீட்டிலும் ஒரு கேள்வி எழுகிறது: பெண் எந்த விசாவில் போவாள்? டிபெண்டன்ட் விசாவில் போனால் வேலை பார்க்க முடியாது, அதனால் எம்.எஸ். படிக்க இடம் வாங்கி, மாணவர் விசாவில் போகட்டும் என்று ஒருவர் சொல்வார். அந்த யோசனை நடைமுறை அறிவா, குறுக்கு வழியா என்பதில்தான் குழப்பம்.

விசா அதிகாரியின் பார்வையில், கணவர் இருக்கும் நாட்டுக்குப் படிக்க வருகிறேன் என்று சொல்பவரின் படிப்பு ஒரு சாக்காகத் தெரியலாம். உள்ளூர் விசா ஆலோசகரின் பார்வையில், அந்தக் கல்யாணமே மறைக்க வேண்டிய ஒரு குறையாகத் தெரியலாம். இரண்டு பார்வைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: துணையோடு வாழ விரும்புவதும் உண்மையாகப் படிக்க விரும்புவதும் ஒரே மனிதருக்குள் சேர்ந்து இருக்க முடியாது என்பது. அந்த எண்ணம் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். குடும்பத்துக்கான வாசலை ஒரு நாடு குறுக்கும்போதெல்லாம் படிப்புக்கான வாசலில் கூட்டம் சேர்கிறது. பிறகு அந்தக் கூட்டத்தையே அந்த நாடு சந்தேகிக்கிறது. இந்தச் சுழற்சியைப் புரிந்துகொண்டால், யார் மாணவர் விசா கேட்க வேண்டும், யார் கேட்கக் கூடாது, கேட்பவர் எதைச் சொல்ல வேண்டும் என்ற மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்கும். மனைவி கணவரிடம் போவதே அதிகம் என்பதால் அந்த வழக்கையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். செவிலியராக வெளிநாடு செல்லும் மனைவியைத் தொடரும் கணவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சார்ந்திருப்பவர் என்ற தகுதி

எச்-1பி என்ற விசா 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 பேர் என்று அதற்கு உச்சவரம்பு உண்டு. அந்த விசாவில் இருப்பவரின் கணவரோ மனைவியோ பெறுவது எச்-4. அதில் போகிறவர் படிக்கலாம். வேலை பார்க்கக் கூடாது. 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி இதில் சிறு திறப்பை உண்டாக்கியது. கிரீன் கார்டுக்கான முதற்கட்ட மனு ஏற்கப்பட்டவரின் துணை, அல்லது ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி விசா நீட்டிப்புப் பெற்றவரின் துணை, வேலை அனுமதி கேட்கலாம். விதி வந்தபின் 2017 இறுதிக்குள் 90,000-க்கும் மேற்பட்டோர் முதல்முறை அனுமதி பெற்றார்கள். அவர்களில் 93 விழுக்காட்டினர் இந்தியாவில் பிறந்தவர்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஒரு சிறு திறப்புக்கே இத்தனை பேர் வந்தார்கள் என்றால், அதற்கு முன் எத்தனை படித்த பெண்கள் அடுக்ககங்களுக்குள் காத்திருந்தார்கள் என்பதை ஊகிக்கலாம்.

அந்தத் திறப்பும் புதிதாகக் கல்யாணமானவருக்கு உடனே உதவாது. கணவரின் நிறுவனம் கிரீன் கார்டு வேலையைத் தொடங்க வேண்டும். அந்த மனு ஏற்கப்பட வேண்டும். அதன் பிறகே வேலை அனுமதி. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் உண்டு. அதனால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. 2015-ஆம் ஆண்டு விதியை எதிர்த்த வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் விதியின் பக்கம் நின்றது. ஆனால் ஓர் ஆட்சி எழுதிய விதியை அடுத்த ஆட்சி திரும்பப் பெற முயல முடியும். 2017-க்குப் பின் அப்படி ஒரு முயற்சி நடந்து, 2021 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. இப்படி ஊசலாடும் ஒன்றை நம்பி ஒருவர் தன் தொழில் வாழ்வைத் திட்டமிட முடியாது.

எச்-4இன் தடையை இயற்கையான ஒன்றாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு அந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் இந்தியக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாகிப் போகிறவரின் விசா எல்-1. அவருடைய துணை எல்-2 விசாவில் போகிறார். 2021 நவம்பரில் ஒரு வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின், எல்-2 துணைவர் தனி அனுமதி அட்டைக்குக் காத்திராமலே வேலை பார்க்கலாம். ஒரே தெருவில் இரண்டு வீடுகள், இரண்டிலும் பொறியியல் படித்த மனைவிகள். ஒருவர் வந்த வாரமே வேலை தேடலாம், மற்றவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருவருக்கும் இடையே உள்ள ஒரே வேறுபாடு கணவரின் விசாவில் அச்சான எழுத்து. ஆக, சார்ந்திருத்தல் என்பது ஒரு கொள்கை முடிவு. சமூகவியலாளர் பல்லவி பானர்ஜி 2022-இல் வெளியிட்ட நூல், அமெரிக்காவில் இருக்கும் இந்திய மென்பொருள் பணியாளர் குடும்பங்களையும் செவிலியர் குடும்பங்களையும் ஒப்பிட்டு இதையே விரிவாகக் காட்டுகிறது. சார்பு விசா வீட்டுக்குள் அதிகாரச் சமநிலையைக் குலைக்கிறது; மனைவி சார்ந்திருக்கும் வீட்டிலும் கணவர் சார்ந்திருக்கும் வீட்டிலும் அந்தச் சுமை வெவ்வேறு வடிவில் இறங்குகிறது. அம்பத்தூர் அலுவலகத்தில் சொந்தச் சம்பளத்தில் இருந்த பெண், வங்கிக் கணக்கு முதல் மருத்துவக் காப்பீடு வரை எல்லாவற்றுக்கும் இன்னொருவரின் வேலையை நம்பியிருக்கும் நிலைக்கு ஒரே விமானப் பயணத்தில் மாறுகிறார். அந்த மாற்றத்தை ஏற்கத் தயங்குகிறவர் படிப்பை நாடுவதில் ஏமாற்று எதுவும் இல்லை.

மாணவர் விசா கேட்பது என்ன?

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவின் அடிப்படை 1952-ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டம். அதன் 214(பி) பிரிவு, தற்காலிக விசா கேட்கும் ஒவ்வொருவரையும் குடியேற வருபவர் என்றே முதலில் கருதச் சொல்கிறது. அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. எச்-1பிக்கும் அதைச் சார்ந்த எச்-4க்கும் இந்த அனுமானத்திலிருந்து விலக்கு உண்டு, எஃப்-1க்கு இல்லை. இங்கேதான் முரண் தொடங்குகிறது. மனைவியாக மட்டும் போனால் திரும்பி வருவாயா என்ற கேள்வி இல்லை. மாணவியாகப் போனால் அதே பெண், அதே கணவர், அதே ஊர். ஆனால் திரும்பி வருவேன் என்று நிறுவ வேண்டும். அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் கண்ணாடிச் சாளரத்தில், சில நிமிடங்களுக்குள் இது முடிவாகிறது.

உன் கணவரே அங்கே இருக்கும்போது நீ ஏன் திரும்பி வரப் போகிறாய் என்பது அதிகாரி எழுப்பும் நியாயமான எதிர்வாதம். அதை இலேசாகத் தள்ள முடியாது. ஆனால் அதற்குச் சட்டத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. வெளியுறவுத் துறை தன் விசா அதிகாரிகளுக்கு வைத்திருக்கும் கையேடு, மாணவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், சொத்தும் வேலையும் குடும்பப் பொறுப்பும் அதிகம் இல்லாதவர்கள் என்பதை ஒப்புக்கொண்டு, சுற்றுலாப் பயணியை அளக்கும் கோலால் அவர்களை அளக்க வேண்டாம் என்கிறது. பார்க்க வேண்டியது விண்ணப்பிக்கும் நேரத்தில் இருக்கும் எண்ணம். பின்னால் மனம் மாறக்கூடும் என்ற ஊகம் மறுப்புக்குப் போதாது. அதோடு, எச்-1பியும் தற்காலிக விசாதான். கணவரின் வேலை முடிந்தால் அவருக்கும் திரும்பும் கட்டாயம் உண்டு. அவர் அங்கே இருப்பது இவர் நிரந்தரமாகத் தங்கிவிடுவார் என்பதற்கு ஒரு குறிப்பு ஆகலாம். அது மட்டுமே முடிவாகிவிடாது. கனடாவின் சட்டம் இந்த இடத்தில் தெளிவாகப் பேசுகிறது. நிரந்தரமாகக் குடியேறும் விருப்பம் இருப்பதாலேயே ஒருவருக்குத் தற்காலிக அனுமதியை மறுக்கக் கூடாது என்று அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 22(2) பிரிவு சொல்கிறது. இரண்டு எண்ணங்கள் ஒரே மனத்தில் இருக்கலாம் என்பதை ஒரு நாட்டின் சட்டமே ஏற்கிறது என்றால், அது மனித இயல்புக்கு மாறானது அல்ல என்றே பொருள்.

எச்-4இல் போயே படிக்கலாமே, தனியாக எஃப்-1 எதற்கு என்பது இரண்டாவது எதிர்வாதம். இது முதலாவதைவிட வலுவானது; பலருக்குச் சரியான அறிவுரையும் இதுவே. எச்-4இல் முழுநேரமாகவோ பகுதி நேரமாகவோ படிக்கலாம். சில மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில், அங்கேயே வசிப்பவருக்கான குறைந்த கட்டணமும் கிடைக்கக்கூடும். எஃப்-1 மாணவருக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆனால் எச்-4இல் படிப்பவர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராகச் சம்பளம் வாங்க முடியாது. பாடத்திட்டத்தோடு இணைந்த ஊதியப் பயிற்சிக்கும் போக முடியாது. எஃப்-1இல் இவை முடியும். படிப்பு முடிந்தபின் 12 மாதம் துறைசார் வேலைப் பயிற்சி, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவருக்கு மேலும் 24 மாதம் என்று மொத்தம் மூன்று ஆண்டுகள் கிடைக்கும். கணவரின் வேலை பறிபோனால் எச்-4 அதோடு ஆட்டம் காணும். எஃப்-1 தன் காலில் நிற்கும். பொறியியல் படித்த ஒருவருக்கு இந்த வேறுபாடு பெரிது. எச்-4இல் போய்விட்டு அங்கிருந்தே எஃப்-1க்குத் தகுதிநிலை மாற்றம் கேட்கும் வழியும் உண்டு. அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அப்படி மாறியவர் ஊருக்கு வந்தால், திரும்புவதற்கு எஃப்-1 ஸ்டாம்பிங் வாங்க இதே சாளரத்துக்கு வர வேண்டும்.

2025 செப்டம்பர் 21 முதல், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. உள்நாட்டிலேயே மாணவர் நிலையிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அதே ஆண்டு அக்டோபரில் குடியேற்றத் துறை விளக்கியது. ஆவடியில் இருந்தபடி நேரடியாக எச்-1பி வேலை பெறும் வழி இதனால் இன்னும் குறுகியது. படித்து மாறும் வழியின் கவர்ச்சி கூடியது. முதலில் சொன்ன சுழற்சிக்கு இது கண்முன் நடக்கும் சான்று.

மூடப்படும் வாசல்கள்

மற்ற நாடுகளை அருகே வைத்துப் பார்த்தால் இந்தச் சுழற்சி இன்னும் தெளிவாகிறது. சிங்கப்பூரில் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் ஓர் ஒப்புதல் கடிதத்தோடு வேலை பார்த்துவந்தார். 2021 மே 1 முதல் அவர்கள் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும் என்று விதி மாறியது. பிரிட்டனில் வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கு வேலை பார்க்கும் உரிமை இருப்பதால், அவர் வெறும் வேலைக்காக மாணவர் விசா தேட வேண்டியதில்லை. ஜெர்மனியில் உயர்திறன் வேலைக்கான நீல அட்டை பெற்றவரின் துணைக்கும் வேலை செய்யும் உரிமை உண்டு. விசாவுக்கு முன் அடிப்படை ஜெர்மன் தேர்வு எழுதும் கட்டாயமும் அவருக்கு இல்லை. துணைக்கு வேலை உரிமை தரும் நாட்டில் படிப்பு படிப்பாகவே இருக்கிறது. உரிமையை மறுக்கும் நாட்டில், படிப்பின் மேல் வேறு சுமைகள் ஏறுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்வரை பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் எதிர்த்திசையில் ஒரு வழக்கம் இருந்தது. மனைவி முதுகலை படிக்கப் போவார், கணவர் ஸ்பவுஸ் விசாவில் உடன் சென்று வேலை பார்ப்பார். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் நன்றாக வாங்கிய பெண்ணுக்குக் கல்யாணச் சந்தையில் ஒரு தனி மதிப்பு உண்டானதும் இதனால்தான். பிரிட்டன் 2024 ஜனவரி 1 முதல், ஆராய்ச்சிப் படிப்புகள் போன்ற சிலவற்றைத் தவிர, மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வருவதை நிறுத்தியது. அதே ஆண்டு மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் அந்த வாய்ப்பை நிறுத்தியது. கனடா 2025 ஜனவரி 21 முதல், குறைந்தது 16 மாதமாவது நீளும் முதுகலை, முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றைப் படிப்பவரின் துணைக்கு மட்டும் பொது வேலை அனுமதி என்று சுருக்கியது. விளைவை எளிதில் உய்த்துணரலாம். பிரிட்டனில் பராமரிப்புப் பணிக்குப் போன மனைவியிடம் சேர, கணவருக்குக் குடும்ப வாசல் இல்லை. தனக்கென்று ஒரு மாணவர் விசாவோ வேலை விசாவோ பெற்றால்தான் இருவரும் ஒரே ஊரில் வாழ முடியும். அரசு குடும்பத்தைத் தடுக்க நினைத்தது. குடும்பம் கல்லூரி வழியாக வரப் பார்க்கிறது. அந்தக் கணவரின் படிப்பு பொய்யாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது, தான் மூடிய கதவுக்கு முன் நிற்பவரையே குற்றவாளி ஆக்குவதாகும்.

மறைப்பதால் விளையும் கேடு

இவ்வளவு சொன்னபின், நம் பக்கத்தில் நடக்கும் தவறையும் அதே கண்டிப்போடு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் சிங்கிள் என்றே போடுங்கள், வீட்டுக்காரர் அங்கே இருப்பதைச் சொல்லாதீர்கள், கல்யாணத்தை ரிஜிஸ்டர் செய்வதைத் தள்ளி வையுங்கள் என்ற அறிவுரை காதுவழியாகப் பரவிக்கொண்டே இருக்கிறது. இதைவிடக் கேடான அறிவுரை இந்த விஷயத்தில் வேறில்லை. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 விண்ணப்பம் திருமண நிலையைக் கேட்கிறது. துணையின் பெயரையும் விவரத்தையும் கேட்கிறது. அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் உண்டா, அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்றும் தனியாகக் கேட்கிறது. முக்கியமான உண்மையை வேண்டுமென்றே திரித்து விசா கேட்டதாக முடிவானால், அந்த நாட்டுக்குள் நுழைய வாழ்நாள் தடை வரும்; அதிலிருந்து விலக்குப் பெறுவது தனியான போராட்டம். 214(பி) மறுப்பு அப்படிப்பட்டதல்ல. இன்று மறுக்கப்பட்டவர் நாளை வலுவான காரணங்களோடு மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆறக்கூடிய காயத்துக்கு அஞ்சி ஆறாத காயத்தைத் தேடிக்கொள்வதே கல்யாணத்தை மறைப்பது.

அது மறைந்தும் இருக்காது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்யச் சொல்கிறது. அதற்குரிய காலம் 90 நாள். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் அந்தத் தேதி, பிறகு எச்-4 கேட்கும்போதும் கிரீன் கார்டு கேட்கும்போதும் மேசைக்கு வரும். இன்று சிங்கிள் என்று எழுதியவர், அன்று அதற்கு முந்திய தேதியிட்ட திருமணச் சான்றிதழைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்றும் ஆகியிருக்கிறது. கல்யாண மண்டபத்து வரவேற்புப் படங்களை ஊரே பகிர்ந்திருக்க, விண்ணப்பத்தில் மட்டும் கல்யாணம் இல்லாமல் இருக்க முடியாது.

மறைப்பவர் இழக்கும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிப்புச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நேர்காணலின் மையக் கேள்வி. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் ஓராண்டுக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அச்சாகியிருக்கும். அந்தத் தொகைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் காட்ட வேண்டும். எச்-1பியில் சம்பாதிக்கும் கணவரின் சம்பளச் சீட்டும் வரிக் கணக்கும் நேர்மையான, வலுவான ஆதாரங்கள். அவரை மறைத்தவர், அந்த ஆதாரத்தையும் மறைத்துவிட்டு, அப்பாவின் வருங்கால வைப்பு நிதியையும் ஆடிட்டர் தரும் சொத்துமதிப்புச் சான்றிதழையும், சில சமயம் சில வாரங்களுக்கு வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டும் பணத்தையும் நம்பி நிற்கிறார். கடைசியாகச் சொன்னது இன்னொரு திரிப்பு. ஒரு பொய்யைக் காக்கப் பிறந்த அடுத்த பொய்.

பெயர் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, முன்னெழுத்து அப்பாவுடையது. கல்யாணமான கையோடு கணவரின் பெயரை ஒட்டிக்கொண்டால் பட்டச் சான்றிதழ் ஒரு பெயரிலும், பாஸ்போர்ட் இன்னொரு பெயரிலும், திருமணச் சான்றிதழ் மூன்றாவது வடிவிலும் நிற்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பெயர் முழுவதும் அந்தக் கட்டத்துக்குப் போய், இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்என்யூ என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே வங்கி முதல் ஓட்டுநர் உரிமம் வரை அது பின்தொடரும். கல்யாணத்துக்காகப் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு மனைவி பாஸ்போர்ட் பெறக் கணவரின் கையெழுத்தோ அனுமதியோ தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தன் பெயரிலேயே பட்டம் பெற்றவர், தன் பெயரிலேயே விண்ணப்பிப்பதுதான் சீரான வழி.

படிப்பு தன் காலில் நிற்கிறதா?

அப்படியானால் யார் மாணவர் விசா கேட்பது நேர்மையானது? ஒரே ஒரு கேள்வியால் இதைச் சோதிக்கலாம் என்று நினைக்கிறேன். கணவரின் வேலை நாளைக்கே வேறு நாட்டுக்கு மாறிவிட்டால், இந்தப் படிப்பு அப்போதும் பொருளுள்ளதாக இருக்குமா? எடுத்துக்காட்டாக, மின்னணுவியலில் பட்டம் பெற்று, அம்பத்தூரில் சில ஆண்டுகள் மென்பொருள் சோதனையில் வேலை பார்த்த ஒருவர், உட்பொதி அமைப்புகளில் முதுகலை படிக்க விரும்புகிறார். இடம் கிடைத்த நல்ல பல்கலைக்கழகங்களில் கணவர் வேலை பார்க்கும் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார். இந்தப் படிப்பு தன் காலில் நிற்கிறது. அருகாமை ஒரு நன்மை மட்டும். பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவரை யாரும் பொய் மாணவர் என்று சொல்வதில்லை. துணைக்குப் பக்கத்தில் இருக்க விரும்புவதும் அதே தரத்தது. அதே பெண், தன் துறையோடு தொடர்பில்லாத ஏதோ ஒரு சான்றிதழ்ப் படிப்பை, கணவர் வீட்டுக்கு அருகில் இருக்கிறது, சேர்க்கை எளிது என்பதற்காக மட்டும் எடுத்தால், அந்தப் படிப்பு கணவரின் முகவரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவருக்குரியது எச்-4. கூடிய விரைவில் கணவருடன் சேர்வதே நோக்கம் என்றால் அதில் வெட்கப்பட ஏதுமில்லை; அதற்கென்றே சட்டம் வைத்திருக்கும் வாசல் அது.

இந்தச் சோதனை வெறும் அறக் கட்டளை அன்று. சட்டத்தின் போக்கோடும் ஒத்துப்போகிறது. சென்று இறங்கிய 90 நாளுக்குள் விசாவின் நோக்கத்துக்கு மாறாக நடந்தால், விசா கேட்டபோதே பொய் சொன்னதாக அனுமானிக்கலாம் என்று வெளியுறவுத் துறைக் கையேடு சொல்கிறது. கல்லூரியில் சேராமல் கணவர் வீட்டில் இருந்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர் இதில் சிக்குவார். பெயருக்கு ஒரு கல்லூரி போதும் என்று நினைப்பவர்களுக்கு வேறு பாடங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தில் 2011 ஜனவரியில் சோதனை நடந்தபின், அங்கே பதிந்திருந்த இந்திய மாணவர்கள் சிலரின் கால்களில் கண்காணிப்புப் பட்டை மாட்டப்பட்டது. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்பதே அரசு அதிகாரிகள் விரித்த வலை என்று 2019-இல் தெரியவந்தபோது, பதிந்திருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். வகுப்பில்லாத கல்லூரி விசாவைக் காப்பாற்றாது.

பணத்தின் பக்கமும் இந்தச் சோதனை உதவுகிறது. மாணவர் பதிவு முறையான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர் என்பவை சிறு தொகைகள். பெரிய தொகை படிப்புக்கானது. 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. திருமுல்லைவாயிலில் வாங்கிப் போட்ட மனையோ அம்பத்தூர் அடுக்ககமோ வங்கிக்குப் போகிறது. அந்தப் படிப்பு பெண்ணின் சொந்தத் தொழிலுக்கான முதலீடு என்றால் பெற்றோர் தாங்குவதில் நியாயம் உண்டு. கணவரிடம் போய்ச் சேரும் வழிச்செலவாக மட்டும் அது இருந்தால், பெண் வீட்டார் வேறொரு பெயரில் சீர் செய்கிறார்கள் என்றே ஆகும். கல்யாணமே நடக்காமல் இருந்திருந்தால் இந்தப் படிப்புக்கு இந்த வீட்டை ஈடு வைத்திருப்போமா என்று பெற்றோர் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்வி முன்பு சொன்னதுதான். மாணவியிடம் கேட்டதைப் பெற்றோரிடமும் கேட்கிறோம்.

இந்தச் சோதனை மிகவும் கறார், வாழ்க்கை இவ்வளவு துல்லியமாகப் பிரிவதில்லை என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான், கணவர் அங்கே இல்லாவிட்டால் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி யோசித்தே இருக்கமாட்டார், ஆனால் யோசித்த பிறகு அதை மனதாரப் பற்றிக்கொண்டார் என்ற நிலையில் பலர் இருப்பார்கள். அவர்களையும் இந்தச் சோதனை விலக்காது. ஒரு விருப்பம் எங்கிருந்து தொடங்கியது என்பதை அது கேட்கவில்லை. இன்று அது தன் காலில் நிற்கிறதா என்றுதான் கேட்கிறது. சட்டம் கேட்க வேண்டியதும் அவ்வளவே. அப்படி நிற்கும் படிப்பைக் கொண்டவர் சாளரத்தின் முன், என் கணவர் அங்கே எச்-1பியில் இருக்கிறார், செலவில் ஒரு பகுதியை அவர் ஏற்கிறார், எச்-4இல் படிக்க முடியும் என்பது தெரியும், ஆய்வு உதவியாளர் பணியும் துறைப் பயிற்சியும் இந்தப் படிப்புக்குத் தேவை என்பதால் எஃப்-1 கேட்கிறேன் என்று நேராகச் சொல்லலாம். மறுப்பு வரலாம், எச்-4 அப்போதும் திறந்திருக்கும், அவர் சொன்னதில் பின்னால் திருத்த வேண்டிய சொல் ஒன்றும் இருக்காது.

நாடுகள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. எல்-2 துணைவருக்குத் தந்த உரிமையை எச்-4 துணைவருக்கும் தந்தால், மாணவர் விசாவின் மேல் ஏறியிருக்கும் சுமையில் ஒரு பங்கு அன்றே இறங்கும். படிக்க விரும்புபவர் மட்டும் படிக்க வருவார், அதிகாரியின் சந்தேகத்துக்கும் வேலை குறையும். அந்தச் சட்டங்களை எழுதும் இடத்தில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் குரல் இல்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் மேசை நம் வீட்டில் இருக்கிறது. திருமண நிலை என்ற கட்டத்தில் உண்மையை எழுதுவதும், படிப்பு என்ற கட்டத்தில் தான் உண்மையாகவே விரும்பும் ஒன்றை எழுதுவதும் நம் கையில் இருப்பவை. அந்த இரண்டு கட்டங்களையும் ஒரே பெண் ஒரே பேனாவால் நேர்மையாக நிரப்ப முடியும்.